நூற்றுத் தொண்ணூற்று நான்காம் ஸ்தானம்

இசைத்தட்டுகளின் சரித்திரம்: ‘மகாவிஷ்ணு’வும் ‘சக்தி’யும்

மைல்ஸ் டேவிஸ் என்னும் ட்ரம்பெட் மேதை 1969ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நியூயார்க் நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் தமது சகாக்களைக் கூட்டி வைத்து, ‘பிட்செஸ் ப்ரூ’ என்ற இரட்டைத் தட்டைப் பதிவு செய்த விருத்தாந்தத்தைச் சென்ற இதழில் சொல்லி, அந்தப் பதிவில் மின்சாரக் கிதார் வாசித்த ஆங்கில இளைஞர் ஒருவரின் பெயரை மட்டும் குறித்து நிறுத்தியிருந்தேன். ஜான் மெக்லாக்ளின் என்ற அந்த இளைஞரும், அவர் அமைத்த இரண்டு குழுக்களும், அக்குழுக்கள் வெளியிட்ட தட்டுகள் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஏறியும் இறங்கியும் நின்ற ஸ்தானங்களுமே இந்த அத்தியாயத்தின் விஷயம். ராக் சங்கீதத்தின் சரித்திரத்தில் இதற்கு என்ன அவ்வளவு விசேஷம் என்று கேட்பவர்களுக்கு, அந்த இரண்டாவது குழுவில் ஒரு மண்பானை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது என்பதையும், அது நம் தமிழ்நாட்டுக் கடம் என்பதையும் இப்போதைக்குப் பதிலாகச் சொல்லி வைக்கிறேன்.

மெக்லாக்ளின் 1942ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி யார்க்ஷயரில் உள்ள டான்காஸ்டர் என்ற ஊரில், வயலின் வாசிக்கத் தெரிந்த தாயாருக்கு மகனாகப் பிறந்தவர். 1969ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா போய்ச் சேர்ந்த அவர் அங்கே ஸ்ரீ சின்மய் என்ற வங்காளத் துறவியின் சீடரானார். இந்தச் சின்மய், சிட்டகாங்கில் பிறந்து, நமது புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் 1944 முதல் 1964 வரை இருபது வருஷம் வாசம் செய்து, பிறகு நியூயார்க்குக்குக் குடிபோனவர். அவர் தம் சீடருக்குச் சூட்டிய நாமதேயம் ‘மகாவிஷ்ணு’. 1971இல் சீடர் ஒரு குழுவை அமைத்தபோது அந்தப் பெயரையே அதற்கும் வைத்து ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ என்றார். புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து புறப்பட்ட ஒரு வாழ்க்கை நியூயார்க் ராக் மேடையின் விளம்பரப் பலகைவரை போய் முட்டிய கதை இது.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் ஐவர். மெக்லாக்ளின் இரண்டு கழுத்துள்ள கிப்சன் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடுவில் நிற்க, பனாமாவில் பிறந்த பில்லி காப்ஹம் டிரம்ஸிலும், செக் நாட்டுக்காரரான யான் ஹாமர் கீபோர்டிலும், சிகாகோவைச் சேர்ந்த ஜெர்ரி குட்மேன் வயலினிலும், அயர்லாந்துக்காரரான ரிக் லேர்ட் பாஸ் கிதாரிலும் இருந்தார்கள். ராக் சங்கீதத்துக்கு வழக்கமான நாலு எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, ஏழிலும் ஒன்பதிலும் பத்திலும் இவர்கள் தாளத்தைப் போட்டார்கள். மிச்ரமும் சங்கீர்ணமும் தெரிந்த நம் ரசிகருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் நாலைத் தவிர வேறு அறியாமல் கைதட்டிப் பழகிய ஆயிரக்கணக்கான அமெரிக்க இளைஞர்கள் இதைக் கேட்பதற்காகக் காசு கொடுத்து அரங்கத்துக்கு வந்தார்கள் என்பதுதான் அதிசயம்.

வந்தார்கள் என்பதற்குச் சாட்சி ‘பில்போர்டு’ பத்திரிகையின் பட்டியல். வாரந்தோறும் அமெரிக்காவில் விற்பனையாகும் நெடுந்தட்டுகளை வரிசைப்படுத்தி இருநூறு ஸ்தானங்களாக அந்தப் பத்திரிகை 1967 முதல் பிரசுரித்து வந்தது. அந்த இருநூறுக்குள் வராத தட்டு, வியாபார உலகத்தைப் பொறுத்தவரையில் பிறவாத பிள்ளைக்குச் சமானம். இந்த வரிசை எப்படித் தயாராயிற்று என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. கடைகடையாகப் போய் யாரும் தட்டுகளை எண்ணவில்லை. தேர்ந்தெடுத்த சில கடைக்காரர்களிடம் ‘இந்த வாரம் எது நன்றாகப் போயிற்று?’ என்று விசாரித்து, அவர்கள் சொன்ன வரிசையைக் கூட்டிக் கழித்துப் பட்டியல் போட்டார்கள். கல்லாப்பெட்டியில் பட்டைக் குறியீட்டைக் காட்டி உண்மையான விற்பனையைக் கணக்கிடும் ஏற்பாடு 1991ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் வந்தது. ஆகவே, கீழே நான் தரும் எண்கள் யாவும் ஓரளவு கடைக்காரர்களின் ஞாபகசக்தியையும் தயவையும் பொறுத்தவை.

முதல் தட்டான ‘தி இன்னர் மவுண்ட்டிங் ஃப்ளேம்’ 1971ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்து, 89ஆம் ஸ்தானம் வரை ஏறிற்று. இரண்டாவது தட்டான ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ 1973இல் 15ஆம் ஸ்தானத்தைத் தொட்டது. பிரிட்டிஷ் பட்டியலிலும் 20ஆம் ஸ்தானம் கிடைத்தது. வாய்ப்பாட்டு ஒரு வரிகூட இல்லாத, தாளம் போடுவதற்கே சிரமமான ஒரு தட்டு இந்த உயரத்துக்குப் போனதை அந்தக் காலத்து வியாபாரிகளே எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. அதே வருஷத்தில், சின்மயின் இன்னொரு சீடரான கார்லோஸ் சந்தானாவும் மெக்லாக்ளினும் சேர்ந்து வெளியிட்ட ‘லவ் டிவோஷன் சரண்டர்’ அமெரிக்காவில் 14ஆம் இடத்திலும் பிரிட்டனில் 7ஆம் இடத்திலும் நின்றது. மெக்லாக்ளினுக்கு வயது அப்போது முப்பத்தொன்று. உச்சியில் இருந்தார் என்று சொல்லலாம்.

உச்சிக்குப் பிறகு இறக்கம். 1973 ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் மேடையிலேயே பதிவான ‘பிட்வீன் நத்திங்னெஸ் அண்ட் எடர்னிட்டி’ 41இல் நின்றுவிட்டது. அந்த வருஷ முடிவில் ஐவர் குழு மனஸ்தாபத்தில் கலைந்தது. புதிய ஆட்களைச் சேர்த்து, லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவையும் துணைக்கு அழைத்து, பீட்டில்ஸ் குழுவின் தட்டுகளைத் தயாரித்த அதே ஜார்ஜ் மார்ட்டினின் மேற்பார்வையில் 1974இல் ‘அபோகலிப்ஸ்’ தயாரிக்கப்பட்டது. அதற்கு 43. அடுத்த ஆண்டில் வந்த ‘விஷன்ஸ் ஆஃப் தி எமரல்ட் பியாண்ட்’ 68இல் நின்றது. இதற்கு நடுவில் நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். மெக்லாக்ளின் வெட்டிய பாதையில் பின்னால் வந்த ஆங்கிலக் கிதார் வித்வான் ஜெஃப் பெக், அதே ஜார்ஜ் மார்ட்டினை வைத்து, பாட்டில்லாத வாத்திய இசையாகவே 1975இல் ‘ப்ளோ பை ப்ளோ’ என்ற தட்டை வெளியிட்டார். அது 4ஆம் ஸ்தானத்துக்குப் போய்விட்டது. காட்டைத் திருத்தியவன் ஒருவன், அறுவடை செய்தவன் வேறொருவன்! இருவரும் அந்த வருஷத்தில் ஒன்றாகவே ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் செய்தார்கள் என்பதால், இதில் பகைமைக்கு இடமில்லை என்று கொள்ளலாம்.

இந்த இடத்தில், வேறு எவராயிருந்தாலும், ஜெஃப் பெக் போன வழியிலேயே இன்னும் சற்று இனிமையாக, இன்னும் சற்று எளிமையாக வாசித்துப் பட்டியலில் மறுபடி ஏற முயன்றிருப்பார். மெக்லாக்ளினோ நேர் எதிர்த்திசையில் நடந்தார். கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அப்போது கர்நாடக சங்கீதம் கற்பித்து வந்தவர் டாக்டர் எஸ். ராமநாதன். சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து அதே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற இந்தப் பெரியவரை அறியாத தமிழிசை மாணவர் இருக்க முடியாது. அவரிடம் மெக்லாக்ளின் மாணவராக அமர்ந்து வீணை கற்றார். இருபதினாயிரம் பேர் கூடும் அரங்குகளில் செவிகள் அதிர வாசித்துக்கொண்டிருந்த ஒருவர், சம்மணமிட்டு உட்கார்ந்து ஸ்வரம் சொல்லிப் பழகியதை நினைத்துப் பார்த்தால், அவருடைய பட்டியல் ஸ்தானங்கள் ஏன் இறங்கின என்பதும், அதைப் பற்றி அவர் ஏன் கவலைப்படவில்லை என்பதும் ஒருசேர விளங்கும்.

வெஸ்லியனிலேயே கிடைத்தவர் எல். சங்கர் என்ற வயலின் வித்வான். 1950இல் சென்னையில் பிறந்து, தந்தையார் வி. லட்சுமிநாராயணா சங்கீதம் கற்பித்து வந்த யாழ்ப்பாணத்தில் சிறு பிராயத்தைக் கழித்து, 1958ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்துக் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பியவர், எல். வைத்தியநாதனுக்கும் எல். சுப்பிரமணியத்துக்கும் தம்பி. அதே கல்விச்சாலையில் மிருதங்கம் கற்பித்துக்கொண்டிருந்த ராம்நாட் வி. ராகவன், பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் சகோதரர். தபலாவுக்கு அல்லா ரக்காவின் குமாரர் ஜாகிர் உசேன். அமெரிக்காவில் கடம் கற்பிக்கச் சென்றிருந்த டி. எச். விநாயக்ராம் ஐந்தாமவர். ஆங்கிலேயர் ஒருவர், பம்பாய்க்காரர் ஒருவர், மற்ற மூவரும் தமிழர் என்ற கணக்கில் அமைந்த இந்தக் குழுவுக்கு ‘சக்தி’ என்று பெயர்.

விநாயக்ராமைப் பற்றிச் சற்று நின்று சொல்லியாக வேண்டும். தந்தையார் டி. ஆர். ஹரிஹர சர்மா சென்னையில் நிறுவிய ஸ்ரீ ஜெய கணேஷ் தாளவாத்திய வித்யாலயத்தின் மரபில் வந்தவர் அவர், எம். எஸ். சுப்புலட்சுமி 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோதும் கடம் வாசித்தவர். ஆனாலும் கச்சேரி மேடையில் கடத்துக்கு என்ன அந்தஸ்து? உபபக்கவாத்தியம் என்று பெயர். மிருதங்கத்துக்குப் பின்னால், தம்பூராவுக்குப் பக்கத்தில், மேடையின் ஓரத்தில் இடம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் போட்டுக் காட்டியதைத் திருப்பிச் சொல்லும் உரிமை. பல சமயம் அதற்கும் நேரப் பஞ்சம். மானாமதுரைக் குயவர் தட்டித் தட்டி வனைந்து சுட்டு எடுத்த அந்தப் பானையை, ஒலிபெருக்கியின் முன்னால், உலகப் பிரசித்தமான கிதாருக்குச் சரியாசனத்தில் அமர்த்தியது ‘சக்தி’யின் மேடை. எத்தனையோ சபாக்களின் காரியதரிசிகள் செய்திருக்க வேண்டிய காரியத்தை டான்காஸ்டர்க்காரர் ஒருவர் செய்தார் என்பதை, கொஞ்சம் வெட்கத்தோடுதான் இங்கே பதிவு செய்கிறேன்.

கிதாரும் தன் ரூபத்தை மாற்றிக்கொண்டது. மின்சாரத்தை விட்டுவிட்டு, கிப்சன் கம்பெனியில் அபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் விசேஷமாகச் செய்து கொடுத்த மரக் கிதாரை மெக்லாக்ளின் எடுத்துக்கொண்டார். அதன் மெட்டுகளுக்கு நடுவேயுள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது; தந்தியை அழுத்தினாலும் இழுத்தாலும் ஸ்வரம் வீணையில் போல வளைந்து கொடுக்கும்; கமகத்துக்கு வழி பிறந்தது. வழக்கமான ஆறு தந்திகளோடு, ஒலித்துளையின் குறுக்கே சாய்வாக ஏழு அனுதாபத் தந்திகளும் கட்டப்பட்டிருந்தன. இவற்றை மீட்டலாம், மீட்டாமல் தானே அதிர விடவும் செய்யலாம்.

1975ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் சவுத் ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரி அப்படியே பதிவாகி, மறு வருஷம் ‘சக்தி வித் ஜான் மெக்லாக்ளின்’ என்ற பெயரில் கொலம்பியா கம்பெனியின் தட்டாக வெளிவந்தது. (நம் வீடுகளில் பழைய தமிழ்ச் சினிமாத் தட்டுகளின் மேல் காணும் ‘கொலம்பியா’ முத்திரை இங்கிலாந்து ஈ.எம்.ஐ. கம்பெனியைச் சேர்ந்தது, அமெரிக்கக் கொலம்பியா வேறு.) தட்டில் மொத்தம் மூன்றே உருப்படிகள். முதலாவதான ‘ஜாய்’ ஏறத்தாழ பதினெட்டு நிமிஷம் மின்னல் வேகத்தில் ஓடுகிறது. ‘லோட்டஸ் ஃபீட்’ நாலரை நிமிஷத்துச் சிறு தியானம். மூன்றாவது உருப்படி தட்டின் மறுபக்கம் முழுவதையும் தனக்கே எடுத்துக்கொண்டு அரைமணிக்குச் சற்றுக் குறைவாக நீள்கிறது. அதன் தலைப்பே ஒரு பஜனைப் பாட்டளவு நீளம். மூன்று நிமிஷத்துக்கு மேல் எதையும் ஒலிபரப்பத் தயங்கும் அமெரிக்க வானொலி நிலையங்கள் இதை என்ன செய்யும்? பட்டியலில் கிடைத்த ஸ்தானம் 194.

அதே 1976இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா எழுபதுகளில் வெளியிட்ட கடைசித் தட்டான, மின்சார வாத்தியங்களோடு அமைந்த ‘இன்னர் வேர்ல்ட்ஸ்’ வெளியாகி 118இல் நின்றது. மூன்று வருஷத்துக்கு முன் 15இல் நின்ற மனிதருக்கு, ஒரே வருஷத்தில் 118, 194 என்ற இரண்டு எண்கள்.

நான் குடியிருக்கும் கோவிலம்பாக்கத்தில், கீபோர்டும் கிதாரும் கற்பிக்கும் வகுப்பு ஒன்றிலிருந்து திரும்பும் வழியில் அடிக்கடி என்னோடு பேச்சுக் கொடுக்கும் அண்டைவீட்டுப் பையன் ஒருவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “நூத்தித் தொண்ணூத்தி நாலா? அப்போ படம் ஃப்ளாப்தானே, சார்?” என்று கேட்டான். இன்றைக்குக் கைப்பேசியைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் கீழும் எத்தனை கோடிப் பேர் கேட்டார்கள் என்ற எண் நிற்கும் காலத்துப் பிள்ளை அவன். அவனைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 1976இல் இருநூறடி ரேடியல் சாலையும் இல்லை, மெட்ரோவின் தூண்களும் இல்லை. இந்தப் பக்கமெல்லாம் ஏரியும் வயலுமாக இருந்த காலம் அது. வானொலிப் பெட்டியில் இலங்கை வானொலியைத் திருப்பி, நேயர்கள் கடிதம் எழுதிக் கேட்ட சினிமாப் பாட்டுகளைக் கேட்டதுதான் தமிழ்நாட்டுக்குத் தெரிந்த ‘பட்டியல்’. சினிமாவில் வராத இசைக்கு நம்மிடம் எண்ணே கிடையாது. 194 என்ற எண்ணாவது அமெரிக்காவில்தான் கிடைத்தது. “ஃப்ளாப்தான், தம்பி, ஆனால் அந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தில் கடமும் தபலாவும் பேசிக்கொள்ளும் இடத்தைக் கேட்டுவிட்டு வந்து சொல்” என்று அவனிடம் சொல்லி அனுப்பினேன். கேட்டானா என்று தெரியாது.

ராகவன் விலகிய பிறகு, மிருதங்கம் இல்லாமல் நால்வராகவே பதிவான ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ என்ற இரண்டாவது தட்டு 168ஆம் ஸ்தானத்துக்கு ஏறிற்று. மேடைச் சத்தம் இல்லாமல் லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிதானமாகச் செய்த தட்டு. அதில் ‘கிருதி’ என்றே ஓர் உருப்படி உண்டு. ‘இந்தியா’ என்ற இன்னொன்றில் சங்கரின் வயலினும் மெக்லாக்ளினின் கிதாரும் ஆலாபனையாக நகர்கின்றன. மூன்றாவதான ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ 1977இல் ஜினீவாவில் பதிவாயிற்று. உருப்படிகள் சுருங்கின, எண்ணிக்கை எட்டாயிற்று, ‘கெட் டவுன் அண்ட் ஸ்ருதி’ என்றும் ‘கம் ஆன் பேபி டான்ஸ் வித் மீ’ என்றும் குஷியான தலைப்புகள் வந்தன. கம்பெனியாரின் நிர்ப்பந்தமா, கலைஞர்களின் சொந்த உல்லாசமா என்பது அவரவர் யூகத்துக்கு. என் அபிப்பிராயத்தில், மூன்று தட்டுகளிலும் இதுவே மெலிந்தது. கடைக்காரரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வாசித்தது போல ஆங்காங்கே தொனிக்கிறது. முதல் தட்டின் பிடிவாதம் அதில் இல்லை.

அத்துடன் குழு கலைந்தது. 1978இல் மெக்லாக்ளின் மீண்டும் மின்சாரக் கிதாருக்குத் திரும்பி வெளியிட்ட தட்டின் அட்டையில், ‘எலெக்ட்ரிக் கிதாரிஸ்ட்’ என்ற தொழிலோடு தம் பெயரைப் பொறித்த ஒரு விசிட்டிங் கார்டையே அச்சிட்டிருந்தார். தம்மை மறந்துபோன வாடிக்கைக்காரர்களுக்கு அறிமுகச் சீட்டு கொடுப்பது போன்ற குறும்பு!

இருபது வருஷம் கழித்து, 1997இல் இங்கிலாந்தில் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் மெக்லாக்ளினும் ஜாகிர் உசேனும் விநாயக்ராமும் மீண்டும் ஒன்று கூடினார்கள். சங்கரின் ஸ்தானத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். அந்தப் பயணத்தின் பதிவு 1999இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு புல்லாங்குழலுக்குப் பதில் யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலின் வந்தது. விநாயக்ராமின் பீடத்தில் அவர் குமாரர் வி. செல்வகணேஷ் கஞ்சிராவோடு அமர்ந்தார். 2000இல் ‘தி பிலீவர்’, 2001இல் பம்பாய்க் கச்சேரியின் பதிவான ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’. சங்கர் மகாதேவனின் குரல் இந்தக் காலத்தில்தான் குழுவுக்குள் நுழைந்தது. பம்பாய்ப் பதிவில் நம் சிவமணியும், தவில் ஏ. கே. பழனிவேலும்கூட உண்டு. ராக் கிதாருக்கு எதிரில் தவில்! கொன்னக்கோல் சொல்லி மெக்லாக்ளின் தாமே தாளம் போடுவதும் இக்காலத்துக் காட்சி. செல்வகணேஷைத் துணைவைத்துக் கொன்னக்கோலைப் பாடமாகக் கற்பிக்கும் படத்தட்டு ஒன்றையும் அவர் வெளியிட்டார். எழுபதுகளில் வெஸ்லியனில் மாணவராகத் தொடங்கியவர் ஆசிரியராகிவிட்டார்.

ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பர் 19ஆம் தேதி, நாற்பத்தைந்து வயதில் சென்னையில் காலமானார். அவர் இடத்தில் வேறொரு மாண்டலினை வைக்க யாரும் முயலவில்லை. பல வருஷம் கழித்து, கணேஷ்–குமரேஷ் சகோதரர்களில் மூத்தவரான கணேஷ் ராஜகோபாலனின் வயலினைச் சேர்த்துக்கொண்டு, பழைய ‘சக்தி’ என்ற பெயரிலேயே குழு மறுபடி கூடிற்று. 2023 ஜூன் 30ஆம் தேதி ‘திஸ் மொமெண்ட்’ என்ற தட்டு வெளியாயிற்று. 1977இல் வந்த ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ஸுக்குப் பிறகு, நாற்பத்தாறு வருஷம் கழித்து ஒலிப்பதிவுக் கூடத்தில் சக்தி தயாரித்த முதல் தட்டு இதுதான். ‘மோகனம்’ என்று ராகத்தின் பெயரையே கொண்ட உருப்படியும், மறைந்த மாண்டலின் கலைஞரை நினைத்து அமைத்த ‘ஸ்ரீநிஸ் ட்ரீம்’ என்ற உருப்படியும் அதில் இருக்கின்றன. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில், உலக இசைத் தட்டுக்கான கிராமி பரிசு அதற்குக் கிடைத்தது.

இந்தப் பரிசைக் கேட்டதும் நம் பத்திரிகைகள் அனைத்தும், ஐம்பது வருஷ உழைப்புக்குக் கிடைத்த வெற்றி என்று எழுதின. எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. பரிசு என்பது அங்கத்தினர் சிலர் போடும் வாக்கு. பட்டியல் என்பது கடைக்காரர் சிலர் சொல்லும் ஞாபகம். இரண்டில் எதையும் வைத்துக்கொண்டு சங்கீதத்தை எடை போடுவதற்கில்லை. ‘திஸ் மொமெண்ட்’ நல்ல தட்டு. முதிர்ந்த கைகளின் தட்டு. ஆனால் துணிச்சலில் அது முதல் தட்டுக்கு இணையாகாது. 194ஆம் ஸ்தானத்தில் நின்ற அந்த 1975ஆம் வருஷக் கச்சேரிதான், இந்தக் குழு வெளியிட்டவற்றிலெல்லாம் தலைசிறந்தது என்பது என் முடிவு. வாசகர்கள் இரண்டையும் கேட்டுவிட்டு என்னோடு மாறுபடலாம்.

ஜாகிர் உசேன் அந்தப் பரிசு பெற்ற வருஷம் முடிவதற்குள், 2024 டிசம்பர் 15ஆம் தேதி, சான்பிரான்சிஸ்கோவில் காலமானார். அவரும் விநாயக்ராமும், கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் டிரம்ஸ் வித்வான் மிக்கி ஹார்ட்டோடு சேர்ந்து 1991இல் ‘பிளானட் டிரம்’ என்ற தட்டை வெளியிட்டு, உலக இசைப் பட்டியலின் முதல் ஸ்தானத்தையே பிடித்த விவரத்தை அடுத்த இதழில் எழுதுகிறேன்.